மழைக்கு முன்பதிவு செய்வது எப்படி?

வில்டபீஸ்ட் கூட்டம் கன்று போடுவதைப் பார்க்கத் தான்சானியா போகலாம் என்று வீட்டில் முடிவாகிவிட்டதா? முதல் காரியமாகத் தேதியைக் குறித்து அவற்றுக்குத் தெரிவித்துவிடுங்கள். பதின்மூன்று லட்சம் விலங்குகள். அத்தனைக்கும் தகவல் போய்ச் சேர அவகாசம் வேண்டாமா? சிரிக்காதீர்கள். பெரும்பாலான பயணத் திட்டங்கள் தகவல் போய்விட்டது என்ற நம்பிக்கையில்தான் போடப்படுகின்றன. ஐந்தாம் நாள், காலை ஏழரைக்குச் சிற்றுண்டி, ஒன்பது மணிக்குக் கன்று பிறப்பு, ஒன்றரைக்குப் பெட்டிச் சாப்பாடு என்று அச்சடித்தே கொடுத்துவிடுகிறார்கள்.

சஃபாரி கம்பெனிகளின் பளபளப்பான கையேட்டில் ஒரு படம் இருக்கும். தான்சானியாவின் செரெங்கெட்டிப் புல்வெளியைச் சுற்றி அம்புக்குறிகளால் ஆன ஒரு வட்டம். ஜனவரி முதல் மார்ச் வரை தெற்கே என்டுட்டு. ஏப்ரல், மே மாதங்களில் நடுவே செரொனெரா. ஜூனில் மேற்கே க்ருமெட்டி ஆறு. ஜூலையிலிருந்து அக்டோபர் வரை வடக்கே மாரா ஆறு. அப்படியே எல்லை தாண்டிக் கென்யாவின் மசாய் மாரா. நவம்பர், டிசம்பரில் கிழக்கோரமாக மறுபடி தெற்கே. பார்த்தால் டவுன் பஸ் ரூட் மாதிரியே இருக்கும். எந்த ஸ்டாப்பில் எத்தனை மணிக்கு நின்றால் பிடிக்கலாம் என்று கணக்குப் போடத் தோன்றும். தாராளமாகப் போடுங்கள். அந்தப் படத்தை லேமினேட் செய்து கையில் வைத்துக்கொள்வதும் நல்லது. மந்தை வேறெங்கோ நிற்கும்போது டிரைவரிடம் எடுத்துக் காட்டிச் சண்டை போட உதவும்.

டிரைவர் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு வானத்தைப் பார்ப்பார். அவரிடம் இருக்கும் திட்டம் அது ஒன்றுதான்.

விஷயம் இதுதான். செரெங்கெட்டியின் தென்கிழக்குப் புல்வெளி சாதாரண மண் அல்ல. பக்கத்து மேட்டுநிலத்தின் எரிமலைகள், முக்கியமாகக் கெரிமாசியும் இன்றுவரை அடங்காத ஒல் டொய்ன்யோ லெங்காயும், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கக்கிய சாம்பல் படிந்த தரை. சாம்பலுக்கு அடியில் சுண்ணாம்பு இறுகிக் கல்லாகக் கிடக்கிறது. மர வேர் அதற்குள் இறங்காது. அதனால் கண்ணுக்கெட்டிய வரை குட்டைப்புல் மட்டும். அந்தப் புல்லில் கால்சியமும் பாஸ்பரஸும் நிறைய. பால் கொடுக்க வேண்டிய தாய்க்கு இதைவிட நல்ல மேய்ச்சல் அந்தப் பக்கத்தில் எங்கும் கிடையாது. ஆனால் மழை நின்றால் சில நாளில் புல் காய்ந்துவிடும், குட்டைகள் வற்றிவிடும். என்டுட்டு, மசெக் என்று இரண்டு ஏரிகள் இருக்கின்றன, இரண்டிலும் உவர்நீர். எனவே மழை வந்தால் மந்தை வரும். மழை தாமதித்தால் மந்தையும் தாமதிக்கும். பிப்ரவரி நடுவில் பத்து நாள் வானம் வெளுத்துவிட்டால், வந்த மந்தை மேற்கே மஸ்வாவின் மரக்காட்டுப் பக்கம் ஒதுங்கிவிட்டு, அடுத்த மழைக்குத் திரும்பி வரும். நீங்கள் கட்டிய முன்பணம் திரும்பி வராது.

ஆக, நீங்கள் முன்பதிவு செய்யப்போவது ஓர் அறையை அல்ல, ஒரு மழையை. அதற்கு எந்தக் கம்பெனியும் ரசீது தருவதில்லை. ஆனாலும் கேட்டுப் பாருங்கள். கேட்கும் தொனியில்தான் நீங்கள் எவ்வளவு முக்கியமான வாடிக்கையாளர் என்பது அவர்களுக்குத் தெரியவரும்.

சரி, எத்தனை நாள் ஒதுக்குவது? ஆண்டுக்கு ஏறக்குறைய ஐந்து லட்சம் கன்றுகள் பிறக்கின்றன. அவற்றில் எண்பது சதவீதம் இரண்டு மூன்று வாரங்களுக்குள் பிறந்துவிடும். அந்த இரண்டு மூன்று வாரங்கள் ஜனவரிக் கடைசிக்கும் மார்ச் தொடக்கத்துக்கும் நடுவில் எங்கேயாவது இருக்கும், பெரும்பாலும் பிப்ரவரியில். முந்தைய மே, ஜூனில் ஆண் வில்டபீஸ்ட்கள் உறுமிக்கொண்டு ஆளுக்கொரு திட்டு நிலத்தைப் பிடித்துச் சண்டையிட்ட அந்தச் சில வாரங்களில் ஒட்டிய சினை இது. எட்டு, எட்டரை மாதம் கழித்து ஒரே சமயத்தில் நிரம்புகிறது. ஒரு வாரம் முழுக்க என்டுட்டுவிலேயே உட்கார்ந்திருந்தால் பார்த்துவிடலாம். ஆனால் அப்படிச் செய்யாதீர்கள். ஐந்து நாளுக்குள் தரங்கிரே, மன்யாரா, கோரோங்கோரோ, என்டுட்டு, செரொனெரா எல்லாவற்றையும் அடக்கி, கடைசியில் ஸான்ஸிபார் கடற்கரைக்கும் அரை நாள் ஒதுக்குங்கள். ஊர் திரும்பியதும் பட்டியலைப் படித்துக் காட்டினால் கேட்பவர்கள் அசந்துபோவார்கள். நீங்கள் பார்த்ததெல்லாம் முன்னால் போன லேண்ட் க்ரூசர் கிளப்பிய புழுதிதான் என்பது உங்களுக்கும் டிரைவருக்கும் மட்டும் தெரிந்தால் போதும்.

முதலை வேண்டுமா, கன்று வேண்டுமா

எல்லாக் குடும்பத்திலும் டிவியில் காட்டு விலங்குப் படம் ஒன்று விடாமல் பார்க்கும் மைத்துனர் ஒருவர் இருப்பார். அவரையும் அழைத்துப் போங்கள். பிப்ரவரிக்கு டிக்கெட் எடுத்துவிட்டு, "மச்சான், முதலை எங்க?" என்று முதல் நாளிலிருந்து கேட்பார். அவர் படத்தில் பார்த்தது மாரா ஆற்றைக் கடக்கும் காட்சி. அந்த ஆறு வடக்கெல்லையில் இருக்கிறது. என்டுட்டுவிலிருந்து காரில் ஒரு முழு நாள், அல்லது சிறு விமானத்தில் கொகடெண்டே மண் ஓடுதளம். அவ்வளவு சிரமப்பட்டுப் போனாலும் பிப்ரவரியில் அங்கே முதலை மட்டும்தான் இருக்கும். சாப்பாடு தெற்கே கன்று போட்டுக்கொண்டிருக்கிறது.

ஆறு கடப்பதுதான் வேண்டுமென்றால் ஜூலை முதல் அக்டோபருக்குள் போகவேண்டும். அதற்கான முறை எளிது. கரையில் ஓரிடத்தில் வண்டியை நிறுத்துங்கள். எதிரே ஆயிரக்கணக்கில் வந்து நிற்கும். முன்னால் நிற்பது தண்ணீரை முகர்ந்து பார்க்கும், பின்னால் நிற்பது தள்ளும், ஒரு வரிக்குதிரை இறங்கும், ஏறும். மூன்று மணி நேரம் கழித்து எதற்கென்றே தெரியாமல் மொத்தக் கூட்டமும் திரும்பி மேயப் போய்விடும். நீங்கள் சலித்துப்போய் முகாமுக்குத் திரும்பிய இருபதாவது நிமிடம் கடக்கும். இடத்தை மாற்றினால் விட்டுவந்த இடத்தில் கடக்கும். பொறுமை இல்லாதவர்களுக்கு வேறு வழியும் உண்டு. வண்டியிலிருந்து இறங்கி, கரையோரம் வரிசையாகப் போய் நின்று செல்ஃபி எடுப்பது. மந்தை மேலேற வழியில்லாமல் ஆற்றுக்குள்ளேயே முட்டி மோதுவதை மிக அருகில் பார்க்கலாம். இதைச் செய்தவர்கள் இருக்கிறார்கள். இதைப் பற்றி வேடிக்கையாக எழுத எனக்கு வரவில்லை.

மைத்துனருக்கு இன்னொரு செய்தியும் சொல்லிவையுங்கள். மாராவில் ஆண்டுக்குச் சராசரியாக ஆறாயிரத்துக்கு மேற்பட்ட வில்டபீஸ்ட்கள் மூழ்கிச் சாகின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். முதலை தின்பது அதில் சிறு பங்குதான். மீதி மீனுக்கும் பாறுக் கழுகுக்கும் போகிறது. எலும்பு மட்டும் ஏழு ஆண்டு வரை ஆற்றுக்குள் கிடந்து கரைந்து, பாசிக்கும் பூச்சிக்கும் உரமாகிறது. இதை டிவியில் காட்டமாட்டார்கள். எலும்பு கரைவதை யார் உட்கார்ந்து பார்ப்பது?

பெட்டி

கடினப் பெட்டி எடுத்துச் செல்லுங்கள். பெரியதாக, சக்கரம் வைத்ததாக, முப்பது கிலோ பிடிப்பதாக. காட்டுக்குள் பறக்கும் சிறு விமானங்களில் ஒருவருக்குப் பதினைந்து கிலோ, அதுவும் மடங்கும் துணிப்பையில் என்பதுதான் பொதுவான விதி. விமானத்தின் அருகே மண் தரையில் பெட்டியைத் திறந்து, மொத்தக் குடும்பத்தின் உள்ளாடைகளையும் விமானி முன்னிலையில் பிரித்து அடுக்கும் அனுபவம் வேறெந்தச் சுற்றுலாவிலும் கிடைக்காது.

முறுக்கு, தட்டை, புளிக்காய்ச்சல் எல்லாவற்றையும் கடைக்காரர் கொடுத்த பிளாஸ்டிக் கைப்பைகளில் போட்டு, அவற்றை இன்னொரு கைப்பையில் திணித்து முடிச்சுப் போட்டுக்கொள்ளுங்கள். 2019 ஜூன் 1 முதல் தான்சானியாவில் பிளாஸ்டிக் கைப்பைக்குத் தடை. விமான நிலையத்திலேயே ஒப்படைத்துவிட வேண்டும். புளிக்காய்ச்சலைக் கையில் ஏந்தி நாட்டுக்குள் நுழைபவர் என்ற பெருமை உங்களுக்குக் கிடைக்கும்.

உடை விஷயத்தில் கருநீல ஜீன்ஸும் கறுப்புச் சட்டையும்தான் என் பரிந்துரை. ட்செட்சி ஈக்கும் அதே பரிந்துரைதான். நீலமும் கறுப்பும் அதை இழுக்கும் என்பதால்தான் அந்த நிறத் துணிகளை மரத்தில் தொங்கவிட்டுப் பொறி வைக்கிறார்கள். திறந்த புல்வெளியில் அதன் தொல்லை குறைவு. மரக்காடு தொடங்கும் இடத்தில் காத்திருக்கும். சட்டைத் துணிக்கு மேலேயே கடிக்கும். நீங்கள் நடமாடும் பொறியாக ஆகிவிட்டால் வண்டியில் காக்கி உடுத்தியிருக்கும் மற்றவர்கள் நிம்மதியாக இருப்பார்கள், நன்றியும் சொல்வார்கள்.

ஆப்பிரிக்கா என்றால் வெயில்தானே என்று ஸ்வெட்டரை வீட்டில் வைத்துவிடுங்கள். கோரோங்கோரோ பள்ளத்தின் விளிம்பு ஏறத்தாழ 2,300 மீட்டர் உயரம், ஊட்டி உயரம். காலை ஆறு மணிக்கு மேற்கூரை திறந்த வண்டியில் நின்றுகொண்டு அங்கிருந்து இறங்கும்போது உங்கள் பற்கள் தட்டும் சத்தத்தை வைத்தே நீங்கள் எந்த ஊர்க்காரர் என்று டிரைவர் சொல்லிவிடுவார்.

டாலர் நோட்டுகளில் பீரோவில் பத்திரமாக வைத்திருந்த பழையவற்றை எடுத்துப்போங்கள். 2006க்கு முன் அச்சானதை அங்கே பலர் தொடமாட்டார்கள். பத்திரமாகத் திரும்பி வரும்.

வழியில்

ஆருஷாவிலிருந்து கரட்டு வரை நல்ல தார்ச்சாலை. கோரோங்கோரோ நுழைவாயிலில் தார் முடிகிறது. அதற்கப்புறம் என்டுட்டு வரைக்கும் உடம்பில் எத்தனை எலும்பு என்று எண்ணிக்கொண்டே போகலாம். வழியில் ஓல்டுவாய் பள்ளத்தாக்கு வரும். 1959 ஜூலையில் மேரி லீக்கி பதினேழரை லட்சம் ஆண்டுப் பழமையான மண்டையோட்டை அங்கேதான் கண்டெடுத்தார். கொஞ்சம் தெற்கே லயட்டோலியில், முப்பத்தாறு லட்சம் ஆண்டுக்கு முன் ஈரச் சாம்பலில் இரு காலில் நடந்து போனவர்களின் தடம் அப்படியே இருக்கிறது. நீங்கள் "கழிப்பறை இருக்கிறதா" என்று மட்டும் கேட்டுவிட்டுக் கிளம்பிவிடுங்கள். சிங்கம் காத்திருக்கிறது.

போகும் வழியில் சிவப்புப் போர்வை போர்த்திய மசாய்களும் அவர்கள் மாடுகளும் தென்படுவார்கள். கோரோங்கோரோ தேசியப் பூங்கா இல்லை, மசாய்கள் மாடு மேய்த்து வாழும் பாதுகாப்புப் பகுதி. 1959ல் செரெங்கெட்டியை முழுப் பூங்காவாக்கியபோது அங்கிருந்தவர்களை இங்கே அனுப்பினார்கள். 2022 முதல், இங்கிருந்தும் கிளம்பி நெடுந்தூரத்தில் தாங்கா மாநிலத்து ம்சொமெராவுக்குக் குடிபெயரச் சொல்லிக்கொண்டிருக்கிறது அரசு. படம் பிடிக்கும்போது இதையெல்லாம் கேட்காதீர்கள். கேட்டால் முகத்தில் சிரிப்பு வராது, படம் கெட்டுவிடும்.

கன்று போடும் பருவம் அவர்களுக்கு என்ன செய்கிறது என்பதைக் கையேட்டில் பார்த்த ஞாபகம் எனக்கு இல்லை. பிறந்த வில்டபீஸ்ட் கன்று முதல் இரண்டு மூன்று மாதம் மூக்குநீரிலும் கண்ணீரிலும் ஒரு வைரஸைக் கொட்டுகிறது. வில்டபீஸ்டுக்கு அதனால் ஒன்றும் ஆவதில்லை. மாட்டுக்கு வந்தால் அநேகமாகச் சாவுதான். ஆகவே வருடத்திலேயே நல்ல புல் இருக்கும் நேரத்தில், அந்தப் புல்லை வில்டபீஸ்டுக்கு விட்டுவிட்டு, மசாய்கள் மாடுகளை ஓட்டிக்கொண்டு மேட்டுப் பக்கம் போய்விட வேண்டியிருக்கிறது. சுற்றுலாப் பயணி லட்சங்கள் கொடுத்துப் பார்க்க வரும் காட்சிக்கு அவர்கள் வருடாவருடம் கொடுக்கும் விலை இது. அவர்களுக்கு ரசீது கிடையாது.

பிரசவ வார்டில் நடந்துகொள்ளும் முறை

ஒருவழியாக மழையும் பெய்து, மந்தையும் வந்து, நீங்களும் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கன்றுகள் பெரும்பாலும் முற்பகலில்தான் பிறக்கின்றன. ஆகவே பத்து மணி வரை தூங்கி, வயிறாரச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

இந்தப் பயணத்துக்கு நீங்கள் கட்டாயம் அழைத்துப் போக வேண்டியவர் உங்கள் மாமியார், அவர் மாடு வளர்த்தவராக இருந்தால். இதில் மட்டும் நான் விளையாடவில்லை. நீங்களும் மைத்துனரும் பைனாகுலரை மாற்றி மாற்றிப் பிடுங்கிக்கொண்டு சிங்கத்தைத் தேடும்போது, அவர் இருக்கையில் உட்கார்ந்தபடியே, "அந்தக் கடைசில நிக்குது பாருங்க மாப்ள, வால தூக்கிக்கிட்டு, படுக்குது எந்திரிக்குது. அது இப்பப் போட்டுடும்" என்பார். டிரைவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் கை காட்டிய திசையைப் பார்த்து வண்டியை அணைத்துவிடுவார். அடுத்த அரை மணி நேரம் மாமியாரும் அவரும் மட்டும் ஒருவரையொருவர் புரிந்துகொள்வார்கள்.

முன்னங்கால் இரண்டும் தெரியும். அந்த நேரத்தில் உங்கள் வண்டி உறுமினாலோ கழுதைப்புலி தலைகாட்டினாலோ, தலை வெளிவராத வரை அந்தத் தாயால் பிரசவத்தை நிறுத்தி வைத்துக்கொண்டு எழுந்து ஓட முடியும். ஓட வைத்துப் பார்க்க விரும்புகிறவர்கள் இன்னும் பத்து மீட்டர் நெருங்கலாம்.

விழுந்த கன்று வெளிர் பழுப்பாக இருக்கும். தாயின் கருஞ்சாம்பல் நிறம் வர இரண்டு மாதம் ஆகும். விழுந்ததும் எழும். சரியும். எழும். சராசரியாக ஏழு நிமிடத்தில் நின்றுவிடுகிறது, கொஞ்ச நேரத்தில் ஓடவும் செய்கிறது. இந்த ஏழு நிமிடத்தில் நீங்கள் கேமராவில் லென்ஸை மாற்றிக்கொண்டிருக்கவேண்டும்.

அதற்குள் இளங்கொடிக்காக நரி வந்து உட்கார்ந்திருக்கும். பாறுகள் இறங்கும். கழுதைப்புலிக்கு இளங்கொடியும் வேண்டும், கன்றும் வேண்டும். எல்லோரும் இதே மூன்று வாரத்தில் பெற்றுத் தொலைக்க என்ன அவசரம் என்று கேட்கத் தோன்றும். அதில்தான் சூட்சுமம். இந்த விலங்கைப் பல ஆண்டு கூடவே இருந்து ஆராய்ந்த ரிச்சர்ட் எஸ்டெஸ் கவனித்த விஷயம் இது: உச்சத்தில், பெரிய கூட்டத்துக்கு நடுவே பிறக்கும் கன்றுகள் தப்பிப்பது அதிகம், முன்னாலோ பின்னாலோ, சிறு கூட்டத்தில் பிறப்பவை அநேகமாகக் கழுதைப்புலிக்குப் போகின்றன. தின்பவர்களின் வயிறு ஓர் அளவுதானே. ஒரே நேரத்தில் இத்தனை ஆயிரம் பந்தி விரித்தால் எத்தனையைத்தான் தின்ன முடியும்? சிங்கமே எழுந்திருக்கச் சோம்பல்பட்டுப் படுத்திருக்கும். மைத்துனர் அதைப் படம் எடுத்து, வேட்டைக்குத் தயாராகும் சிங்கம் என்று ஊருக்கு அனுப்பிவிடுவார்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. யாருக்கும் தாயாகிவிடாதீர்கள். நெரிசலில் தாயைத் தவறவிட்ட கன்று, அசைகிற எதையும் பின்தொடரும். வண்டியையும் பின்தொடரும், கழுதைப்புலியைக்கூடப் பின்தொடர்ந்திருக்கிறது. வேறு தாய் எதுவும் அதற்குப் பால் தராது. முட்டித் தள்ளிவிடும். உங்கள் லேண்ட் க்ரூசரின் பின்சக்கரத்தருகே வந்து நின்று அது கத்தும்போது வண்டிக்குள் பெரிய விவாதம் எழும். குழந்தைகள் அழும். ஏற்றிக்கொண்டு போய்ப் பால் கொடுக்கலாமே என்று நீங்கள் கருணையோடு சொல்வீர்கள். டிரைவர் ஒன்றும் சொல்லாமல், மந்தை இருக்கும் பக்கமாக மெதுவாக ஓட்டுவார், அதுவும் பின்னாலேயே வருமென்று. மந்தைக்குள் நுழைந்ததும் வேகமெடுத்து விலகிவிடுவார். தாய் கிடைத்ததா என்று கேட்காதீர்கள். அவருக்கும் தெரியாது.

இதற்கிடையே வானொலிப் பெட்டி கரகரக்கும். "டூமா, டூமா" என்று ஸ்வாஹிலியில் யாரோ சொல்வார்கள். சிவிங்கிப்புலி. அந்தத் திறந்த வெளியில் சிவிங்கிப்புலிகள் நிறைய, இந்தப் பருவத்தில் அவற்றுக்கும் வேலை நிறைய. உடனே பிரசவத்தைப் பாதியில் விட்டுவிட்டுக் கிளம்புங்கள். போய்ச் சேரும்போது இருபது வண்டிகள் வட்டமிட்டு நிற்கும். நடுவில் என்ன இருக்கிறது என்பதை முன்வரிசைக்காரர்களின் முகபாவத்திலிருந்து ஊகித்துக்கொள்ளலாம். கோரோங்கோரோ பக்கத்து என்டுட்டுவில் தடத்தை விட்டு இறங்கிப் புல்லில் ஓட்ட அனுமதி உண்டு. செரெங்கெட்டிப் பூங்கா எல்லைக்குள் கிடையாது. எல்லைக்கோடு தரையில் வரைந்திருக்காது. சிவிங்கிப்புலி பத்தடி தள்ளிப் பூங்காவுக்குள் போய்ப் படுத்துவிட்டால் அதற்குச் சட்டப் பாதுகாப்பு வந்துவிடும். "எவ்வளவு வேணும்னு கேளுங்க மச்சான், குடுத்துடலாம்" என்று மைத்துனர் டிரைவரின் காதருகே குனிவார். அபராதமும் தடையும் விழுவது டிரைவர் தலையில். உங்களுக்கு நாலு நாளில் விமானம்.

எண்ணிக்கை

மாலையில் முகாமில் யார் எத்தனை பார்த்தார்கள் என்று எண்ணிச் சொல்வது மரபு. தயங்காமல் ஒரு லட்சம் என்று சொல்லுங்கள். பிராங்க்பர்ட் மிருகக்காட்சி சாலையின் இயக்குநர் பெர்ன்ஹார்ட் க்ஷிமெக்கும் மகன் மைக்கேலும் 1958ல், வரிக்குதிரைக் கோடு பூசிய சிறு விமானத்தில் பறந்து பறந்து எண்ணியபோது மொத்த செரெங்கெட்டிக்கும் வந்த கணக்கே ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவுதான். மறு ஜனவரியில் விமானத்தின் மீது ஒரு பாறு மோதி மைக்கேல் இறந்தார். அவர் கல்லறை கோரோங்கோரோ விளிம்பில் இருக்கிறது. உங்கள் வண்டி அதைத் தாண்டித்தான் போகும். அவர்கள் எடுத்த படத்துக்கு 1960ல் ஆஸ்கர் கிடைத்தது.

அவர்கள் கணக்கில் விடுபட்டவை ஏராளம். 1961ல் எண்ணியபோது இரண்டரை லட்சம் வந்தது. 1977ல் பதின்மூன்று லட்சத்தைத் தாண்டிவிட்டது. நடுவில் நடந்தது என்ன தெரியுமா? பூங்காவுக்கு வெளியே யாரோ மாடுகளுக்கு ஊசி போட்டார்கள். 1890களில் ஆப்பிரிக்காவுக்குள் வந்து மாடுகளையும் வில்டபீஸ்ட்களையும் வாரிக்கொண்டு போன மாட்டு வெக்கை நோய், வளர்ப்பு மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டதும் 1963 வாக்கில் வில்டபீஸ்ட்களை விட்டும் போய்விட்டது. அதற்கு முன் ஒவ்வோர் ஆண்டும் கன்றுகளை அதுதான் தின்றுகொண்டிருந்தது. 2011ல் உலகத்திலேயே அந்த நோய் ஒழிந்ததாக அறிவித்தார்கள். நீங்கள் பார்க்கும் அந்த மாபெரும் கூட்டம் ஆதிகாலத்திலிருந்து அப்படியே இருப்பதாக முகாம் மேலாளர் நெகிழ்ந்து சொல்லும்போது, மாட்டாஸ்பத்திரி ஊசியைப் பற்றி நினைவூட்டாதீர்கள். விருந்தின் சூழல் கெடும்.

அண்மையில் 2022, 2023ஆம் ஆண்டுச் செயற்கைக்கோள் படங்களைக் கணினியைக் கொண்டு எண்ணிய ஆய்வாளர்கள், ஆறு லட்சத்துக்கும் குறைவாகத்தான் இருக்கிறது என்றார்கள். மீதி ஏழு லட்சம் செத்துவிட்டதா, மரத்தடியில் நின்றதா, எண்ணும் முறையில் கோளாறா என்று வாதம் நடக்கிறது. பதின்மூன்று லட்சம் என்று இந்தக் கட்டுரையின் முதல் பத்தியில் நானே அடித்துவிட்டிருக்கிறேன். கையேடு எழுதுகிறவனுக்கு உள்ள சலுகை அது.

வெளியேறுவது

செரெங்கெட்டிக்குள் தங்குவதற்கான கட்டணம் தலைக்கு 24 மணி நேரம் என்று கணக்கு. நாள் கணக்கு இல்லை, மணிக் கணக்கு. நேற்றுப் பகல் பதினொன்று நாற்பதுக்கு நாபி ஹில் நுழைவாயிலில் பதிந்திருந்தால், கட்டிய நாட்கள் முடியும் அன்று பதினொன்று நாற்பதுக்குள் அதே வாயிலைத் தாண்டியாக வேண்டும். கடைசி நாள் காலையில் டிரைவர் உங்களைவிடக் கடிகாரத்தைத்தான் அதிகம் பார்ப்பார்.

வாயிலுக்கு இன்னும் அரை மணித் தூரம் இருக்கும்போது சாலையோரத்தில் ஒரு வில்டபீஸ்ட் படுப்பதும் எழுவதுமாக நிற்கும். மாமியார் பார்த்துவிடுவார். "நிறுத்தச் சொல்லுங்க" என்பார். மைத்துனர் கடிகாரத்தைக் காட்டி, மனைவி விமானத்தைச் சொல்லி, டிரைவர் "பொலே பொலே", அதாவது மெதுவாக மெதுவாக என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, எல்லோரும் உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். நிறுத்துவதானால் கார்டைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த 24 மணி நேரத்துக்கான பணத்தை வாயிலில் கார்டில்தான் வாங்குவார்கள், ரொக்கம் செல்லாது.